பனி உருகிய நீரில் ஒரு சோடிக் கால்துடுப்பு

ஐஸ்லாந்தின் தலைநகராகிய ரெய்க்கியாவிக்கிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 45 கிலோமீற்றர் தூரம் சென்றால் திங்வெல்லிர் என்னும் பெருவெளியை அடையலாம். மரங்கள் அருகிய நிலம் அது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை கறுத்து உறைந்துபோன எரிமலைக் குழம்பு. அதன்மேற் சாம்பல் நிறப் பாசி. இடையிடையே கத்தியாற் கீறியது போன்ற நீண்ட வெடிப்புகள். கி.பி. 930 இல் அந்நாட்டு மக்கள் தமது பொதுச்சபையை முதன்முதலிற் கூட்டிய இடம் இதுவே. 1798 வரை அச்சபை இவ்வெளியிலேயே கூடிவந்தது. 1944 இல் ஐஸ்லாந்து குடியரசாகப் பிரகடனஞ் செய்யப்பட்டதும் இங்கேதான். 2004 இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமை இடங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. இவை யாவும் வழிகாட்டி நூல்கள் கூறுவன. நாமோ, சபை கூடிய பாறையைத் தூரத்தே நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, அவ்வெடிப்புகளுள் ஒன்றினுள் இறங்குவதற்காகச் சென்றிருந்தோம்.

அவ்வெடிப்பின் பெயர் சில்பிரா. வட அமெரிக்க நிலத்தட்டும் ஐரோப்பிய-ஆசிய நிலத்தட்டும் ஐஸ்லாந்தின் ஊடாக ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் வீதம் விலகிச் செல்கின்றன. அவ்விலகலால் நிலம் இழுபட்டு வெடித்த இடங்களுள் இதுவும் ஒன்று. ஒரு கை அமெரிக்காவையும் மறு கை ஐரோப்பாவையும் தொடும் என்று விளம்பரத் தாள்கள் கூறும். அது சற்று மிகையே. இரு தட்டுகளுக்கும் இடைப்பட்ட பிளவுப் பள்ளத்தாக்குப் பல கிலோமீற்றர் அகலமானது. சில்பிரா அதனுள் உள்ள ஒரு கீறல் மாத்திரமே. பூமிசாத்திரம் பயிலும் மாணவர் இதனைக் கவனித்தல் நன்று.

வடக்கே லாங்யோக்குல் என்னும் பனிமலை உண்டு. அது உருகும் நீர் துளைகள் நிறைந்த எரிமலைப் பாறையின் ஊடாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரம் நிலத்தடியே கசிந்து, 30 முதல் 100 ஆண்டுகள்வரை சென்றபின்னர் இவ்வெடிப்பில் ஊறுகின்றது. இத்துணைக் காலம் வடிகட்டப்பட்ட நீர் எவ்வாறிருக்கும்! நீரினுள் 100 மீற்றருக்கு அப்பாலும் பார்க்கலாம். அள்ளிக் குடிக்கலாம். ஆனால் கோடையிலும் மாரியிலும் அதன் வெப்பநிலை 2 முதல் 4 பாகை செல்சியஸ் வரையிலேயே நிற்கும். நீரானது உடலின் வெப்பத்தைக் காற்றிலும் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாகக் கவர்ந்துகொள்ளும் இயல்புடையது. ஆகவே சிலிண்டருடன் சுழியோட விரும்புவோர் யாவரும் உலர் உடை தரித்தே அங்கு இறங்கலாம் என்பது விதி. அவ்வுடையிற் பயின்றமைக்குச் சான்றோ, அதனோடு சுழியோடிய பதிவோ காட்டாதவரை நீரில் விடுவதில்லை. இவ்விதியின் நியாயத்தை எமது கால்களே எமக்குக் கற்பித்தன.

எமது தம்பி நோர்வே நாட்டிலே பேர்கன் நகரில் வாழ்கின்றான். 1980களின் இறுதியிலே, கீரிமலைக் கேணியில் அவனது வயிற்றைக் கையால் தாங்கி, "காலை அடியடா, காலை அடி" என்று நீந்தக் கற்பித்தவர் நாமே. அப்போது எமக்கு வயது 11, அவனுக்கு 7. பின்னர் அவன் புலம்பெயர்ந்து, குளிர்க்கடலிற் சுழியோடப் பழகி, அதிலே தேர்ச்சியும் பெற்றான். நாமும் நிலாவெளிக் கடலிலே, பவளப் பாறைகளின் மேலே, மெல்லிய உடையோடு பலமுறை சுழியோடியவரே. அதனால், சில்பிராவுக்குப் போகுமுன் பேர்கனில் உலர் உடைப் பயிற்சி பெறலாம் என்று அவன் அழைத்தபோது, எமது சொந்தக் கால்துடுப்புகளைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். நீல நிறம், நீண்ட அலகு, பாரமற்ற பிளாஸ்திக், நிலாவெளியிலே மீனைப் போல எம்மை ஓட்டியவை. அவற்றிலே எமக்கு ஒரு பெருமை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

தம்பி அவற்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணை, இது இஞ்சை சரிவராது. உங்கடை கால் இதுக்குள்ளை போகும். உடுப்பின்ரை சப்பாத்து போகாது."

"வாரைக் கடைசித் துளைக்கு விட்டால் போகும்," என்றோம்.

அவன் மேலே ஒன்றுஞ் சொல்லவில்லை. மூத்தவரோடு வாதாடும் பழக்கம் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அவனுக்கு வரவில்லை. அன்று வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

உலர் உடை என்பது யாதெனில், கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாதபடி இறுக்கிய, பாதத்திலே சப்பாத்தும் சேர்த்து ஒட்டிய ஒரு முழு அங்கி. அதனுள்ளே கம்பளி உடை. காலிலே தடித்த மேசு. உடலை ஈரம் தீண்டாது. அங்கிக்கும் உடலுக்கும் இடையே காற்று நிற்கும். அக்காற்றே குளிரைத் தடுப்பது. அக்காற்றே தொல்லையுந் தருவது. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரு மடங்காக, உடையினுள்ளிருக்கும் காற்றுப் பாதியாகச் சுருங்கி, உடை உடலை நெருக்கும். மார்பிலுள்ள பொத்தானை அழுத்தி, முதுகிலுள்ள சிலிண்டரிலிருந்து சிறிது காற்றை உள்ளே விட்டால் நெருக்கம் நீங்கும். மேலே எழும்போது அக்காற்று மீண்டும் விரியும். தோளருகே இருக்கும் வால்வு வழியாக அதனை வெளியேற்றவேண்டும். காற்று எப்போதும் மேடான இடத்தையே நாடும். தோள் மேலாக இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காகவே நடைபெறும். கால் மேலாகிவிட்டால்?

பேர்கனுக்கு அணித்தாயுள்ள ஒரு கடற்கழியிலே, 7 மீற்றர் ஆழத்தில், பாறையின் அடியிற் கிடந்த நட்சத்திர மீனொன்றைக் காணக் குனிந்தோம். தலை தாழ்ந்தது, இடுப்பு உயர்ந்தது. உடையினுள் இருந்த காற்று முழுவதும் ஓசையின்றிக் கால்களை நோக்கி ஓடியது. சப்பாத்து இரண்டும் பலூன்களைப் போல் வீங்கின. உள்ளிருந்த பாதங்கள் அவற்றிலிருந்து கழன்று கணுக்காலளவில் நின்றன. காலை உதைத்தோம், உதைப்பதற்குப் பாதம் எங்கே? முன்னரே பாதி வெளியே நின்ற சப்பாத்திலிருந்து வலக்காற் துடுப்பு நழுவியது. தலைகீழாக மேல்நோக்கி இழுக்கப்பட்டோம். வால்வோ இப்போது கீழே இருந்தது. காற்று வெளியேற வழியில்லை. மேலே எழ எழக் காற்று விரியும்; விரிய விரிய எழுச்சி விரையும். அவ்வேளையில் மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும் என்பதை ஏட்டிற் படித்திருந்தோம். படித்தது நினைவுக்கு வந்ததோ இல்லையோ, வாயிலிருந்து குமிழிகள் வெளியேறிக்கொண்டேயிருந்தன, அது தெய்வாதீனம்.

யாரோ எமது தொடையைப் பற்றிக் கீழே இழுத்தார். தம்பிதான். முழங்காலை மார்போடு மடக்குமாறு சைகை செய்தான். பந்தைப் போற் சுருண்டு உருண்டோம்; தலை மேலே வந்தது; வால்வு சீறிற்று. இருவரும் அவனது கைக் கடிகாரத்தைப் பார்த்தபடி மெதுவாக மேலே வந்தோம். நீர்மட்டத்திலே நீலக் கால்துடுப்பு எமக்கு முன்னரே வந்து மிதந்துகொண்டிருந்தது.

கரையிலே அவன் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. சிலிண்டரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் கல்லொன்றின்மேல் அமர்ந்து வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனது கை நடுங்குவதைக் கண்டோம். குளிரினால் என்று எண்ணிக்கொள்வது எமக்கு வசதியாயிருந்தது.

மறுநாள் கடைக்குச் சென்றோம். உலர் உடைக்குக் கால்துடுப்பு வாங்கச் செல்பவர் தமது காலை மாத்திரம் கொண்டு சென்றாற் போதாது. உடையையே கொண்டு செல்லவேண்டும். ஆளொருவரைத் தூக்கிச் செல்வது போல அந்த அங்கியைத் தோளிற் போட்டுக்கொண்டு நடந்தோம். கடையின் வாங்கிலே அமர்ந்து, தடித்த மேசு போட்டு, அங்கியை இடுப்புவரை ஏற்றி, சப்பாத்தோடு ஒவ்வொரு துடுப்பாக அணிந்து பார்த்தோம். சப்பாத்து, துடுப்பின் பையினுள்ளே தடையின்றி முழுவதும் செல்லவேண்டும். சென்றபின் பக்கவாட்டில் அசையக் கூடாது. இறுகினால் இரத்தவோட்டம் தடைப்பட்டுப் பாதம் மரத்துவிடும். தளர்ந்தால் ஒவ்வொரு உதைப்பிலும் துடுப்பு ஆடி, கெண்டைக்காலிற் பிடிப்பு உண்டாகும். குதிக்காலையும் சேர்த்து மூடும் முழுப் பைத் துடுப்புகள் வெறுங்காலுக்கென்றே அமைந்தவை; அவற்றை அவ்வாங்கின் அருகே கூடக் கொண்டுவரத் தேவையில்லை.

கால்துடுப்பின் வரலாறு நாம் எண்ணுவது போலப் பழையதன்று. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான லூயி த கோர்லியே 1933 இல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1964 இல் மார்செய்யைச் சேர்ந்த ஜோர்ஜ் பெய்ஷா, தடித்த இறப்பரினால் அகன்று குறுகிய அலகமைத்து, அதிலே நீர் வழிந்தோடத் துளைகளிட்டு, ஜெட் பின் எனும் துடுப்பை ஆக்கினார். அழகற்றது, கறுப்பு, கையில் எடுத்தால் அம்மியின் குழவியைத் தூக்குவது போன்ற கனம். 60 ஆண்டுகள் கடந்தும் குளிர்நீர்ச் சுழியோடிகள் அவ்வகையையே விரும்பி அணிகின்றனர் என்றால் அதற்குக் காரணம் அக்கனமே. பாரமான இறப்பர் நீரிலே தாழும்; காலில் எஞ்சியிருக்கும் காற்றின் மிதப்பைச் சற்றே ஈடுசெய்யும். எமது நீலத் துடுப்போ தானும் மிதந்து காலையும் மேலே இழுத்தது.

மன்னாரிலே முத்துக் குளித்த பண்டைச் சுழியோடிகள் கயிற்றிற் கட்டிய கல்லிலே பாதத்தை வைத்துக் கீழிறங்கினர் என்பதை நாம் அறிவோம். அவர்கள் பாரத்தை நாடியது ஆழத்தை விரைவில் அடைவதற்கு. இங்கே வேண்டுவது அத்துணைப் பாரமன்று. கால் தலையை முந்தாதிருக்குமளவே போதும். இதனை வற்புறுத்தக் காரணம் உண்டு. கனமான துடுப்பே யாவர்க்கும் சிறந்ததென்று சிலர் கண்ணை மூடிக்கொண்டு கூறுவர். தடித்த நியோப்பிரீன் உடையின் கால்கள் தாமே மிதக்கும் இயல்பின. அதற்குப் பாரத் துடுப்புப் பொருந்தும். மெல்லிய துணிப்படை உடையைக் காலோடு ஒட்டத் தைப்பித்து அணிபவருக்கும், இயல்பிலேயே கால் தாழ்பவருக்கும் அதே துடுப்பு மேலும் காலைத் தாழ்த்தும். அவர்கள் நீரிலே சாய்ந்து நின்று அடித்தரையைக் கிளறுவர். எமது உடை நியோப்பிரீன். எமது காலோ மெலிந்த வாத்தியார்க் கால். கறுப்பே எமக்கு உரியதாயிற்று.

அலகு இரண்டாகப் பிளந்த துடுப்பொன்றையும் கடைக்காரர் காட்டினார். காலை மாறி மாறி அடித்து நீந்துவார்க்கு அது இலகுவானதே. ஆனால் ஒடுங்கிய வெடிப்பிலே தவளையைப் போலக் காலை விரித்துச் சேர்த்து, நீரைப் பின்னே தள்ளி, அடியிலுள்ள மண்டியைக் கலக்காது செல்லவேண்டும். பின்வாங்கவும் நின்ற இடத்திலே திரும்பவும் வேண்டும். அதற்கு விறைப்பான, குறுகிய, முழு அலகே வேண்டும். குதிக்காலைப் பற்றும் வாரும் கொளுவியிற் பூட்டுவதாக இருத்தலாகாது. தடித்த கையுறையோடு கொளுவியைத் தேடுவது ஊசியில் நூல் கோப்பது போலாகும். உருக்குச் சுருளாலான வாரே சிறந்தது. பெருவிரலை வளையத்தில் மாட்டி இழுத்தால் ஏறும், இறங்கும்.

விலை எமது மாதச் சம்பளத்திற் பெரும் பகுதியை விழுங்கியது. அன்று மாலை தம்பி வீட்டுக் குளியற் தொட்டியை நிரப்பி இரண்டு வகையையும் இட்டோம். தம்பியின் மகள் நாற்காலியின்மேல் ஏறி நின்று பார்த்தாள்.

"பெரியப்பா, நீலம் மிதக்குது. கறுப்புத் தாழுது!"

அத்தொட்டி ஒன்றே போதியதாயிருந்தது. புறப்படுமுன் நிலாவெளியிலே ஒரு வாளி நீரில் இட்டுப் பார்த்திருந்தாலும் போதும்.

அதன்பின் அதே கடற்கழியிலே பலமுறை இறங்கி, வேண்டுமென்றே தலைகீழாகி, சுருண்டு உருண்டு நிமிரப் பழகினோம். துடுப்பு எவ்வளவு பொருந்தினாலும் அப்பழக்கம் இன்றியமையாதது. உடையினுள்ளே வேண்டிய அளவுக்குமேற் காற்றை விடாதிருத்தலும் அவ்வாறே.

சில்பிராவின் கரையிலே வழிகாட்டியாக வந்த இளைஞர், ஒவ்வொருவரது கால்களையும் முதலில் நோக்கினார். எமது துடுப்பைத் தூக்கிப் பார்த்து, சப்பாத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்து, தலையசைத்துவிட்டு அடுத்தவரிடஞ் சென்றார். எமது இடுப்பிலிருந்த ஈயக் கட்டிகளில் இரண்டரைக் கிலோகிராம் குறைக்கப்பட்டது. நோர்வேயின் உப்புநீர் நன்னீரிலும் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டரைப் பங்கு அடர்த்தி மிக்கது. ஆளும் கருவியுமாக நூறு கிலோகிராம் கொண்டவர் நன்னீருக்கு வரும்போது அவ்வளவு ஈயம் மிகையாகும். வகுப்பிலே ஆக்கிமிடீசின் விதியைக் கரும்பலகையில் எழுதிய காலங்களில் அது எமது இடுப்பிலே தொங்கும் என்று நினைத்ததில்லை.

இரும்புப் படிகளில் இறங்கி முகத்தை நீரில் வைத்தபோது உதடு எரிந்தது, பின் மரத்தது. அதன்பின் குளிரை மறந்தோம். நீர் இருப்பதாகவே தோன்றவில்லை. இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள், கீழே வீடளவு பெரிய கற்கள் ஒன்றன்மேலொன்று விழுந்து கிடந்தன, யாவும் நீலம். ஆழமற்ற இடங்களிலே பச்சைப் பாசி நீண்ட கூந்தலைப் போல அசைந்தது. மீனினம் அரிது. எமது நிழல் கீழேயுள்ள பாறைமேல் எம்மோடு தவழ்ந்து வந்ததைக் கண்டபோது, விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம் ஒரு கணம் எழுந்தது. சுழியோடிகள் 18 மீற்றருக்குக் கீழே செல்லலாகாது, குகைகளினுள் நுழையலாகாது. கட்டளை இல்லாவிடின் கண் எம்மைக் கீழே கொண்டு சென்றிருக்கும்; அத்துணைத் தெளிவு ஆழத்தை மறைத்துவிடுகின்றது.

கதீட்ரல் என்று அழைக்கப்படும் பகுதியிலே வெடிப்பு நேராக நீண்டு ஒளி நிறைந்த மண்டபமாகின்றது. ஒரு முனையில் நின்று மறு முனையைக் காணலாம். அங்கேயிருந்து மெல்லிய நீரோட்டம் ஏரியை நோக்கி இழுக்கும். ஏரிக்குப் போகாமல், இடப்புறமாகத் திரும்பி ஒரு குடாவினுள் நுழையவேண்டும். திரும்பும் இடத்திலே துடுப்பின் வேலை தெரிந்தது. இரண்டு, மூன்று முறை விரித்துச் சேர்த்தோம்; பாதம் சப்பாத்திலும், சப்பாத்துத் துடுப்பிலும் உறுதியாய் நின்றன; எண்ணிய பக்கம் உடல் சென்றது. குடாவின் தரை மென்மையான மண்டி. எமக்கு முன்னே சென்ற ஒருவர் காலை மேலுங் கீழும் அடித்தார். பின்னாற் புகைபோலக் கலக்கம் எழுந்து, நூறு மீற்றர் தெளிவைத் திரையிட்டது. இத்தனை ஆண்டுகள் வடிந்துவந்த நீரை அரை நிமிடத்திற் கலக்கிவிட்டாரே என்று மனம் வருந்தியது.

தம்பி அருகே வந்து, எமது கால்களைச் சுட்டி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாக்கிக் காட்டினான். கீரிமலையில் அவன் முதன்முதலாகக் கைதாங்காமல் நீந்தி மறுகரைப் படியைப் பிடித்தபோது நாம் தலையசைத்தது நினைவுக்கு வந்தது.

அரை மணி நேரத்தின் பின் படியை அடைந்தபோது விரல்கள் மடங்க மறுத்தன. பெருவிரலை வளையத்தில் மாட்டி இழுத்தோம். துடுப்பு கழன்று கையில் வந்தது. பக்கத்திலே கொளுவி வாரோடு போராடிய வெளிநாட்டவர் ஒருவருக்குத் தம்பி உதவினான். வண்டியருகே சுடச்சுடக் கொக்கோப் பானம் தந்தார்கள். குவளையை இரு கையாலும் அணைத்தபடி வெகுநேரம் நின்றோம்.

"அண்ணை, இதை ஊருக்குக் கொண்டு போகப் போறீங்களோ?" என்றான் தம்பி, கறுப்புத் துடுப்பைக் காட்டி.

நிலாவெளியின் இளஞ்சூட்டு நீருக்கு அது எதற்கு? எமது வெறுங்கால் இரண்டும் அதன் ஒரு பைக்குள்ளேயே அடங்கிவிடும். விமானத்தில் அதன் பாரத்துக்கு வேறு பணங் கட்டவேண்டும்.

"இஞ்சையே இருக்கட்டும்," என்றோம்.

இப்பொழுது அது பேர்கனிலே தம்பி வீட்டு வாசலில், பிள்ளைகளின் பனிச் சப்பாத்துகளுக்கு நடுவே, ஒரு தட்டில் இருக்கின்றது. மாதம் ஒருமுறை தொலைபேசியில் கதைக்கும்போது, அதைக் கழுவி நிழலில் உலர்த்தினானா என்று கேட்கின்றோம். உலர்த்தியதாகவே சொல்கின்றான்.